முட்டைக்கு வேலை தேவையில்லை

"மாமா, இதுக்கு என்னங்க மாமா போடறது?"

அக்கா மகள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ராசிபுரத்தில் அக்கா வீட்டுத் திண்ணை. சாயங்கால நேரம். பெண் பி.காம். முடித்து எட்டு மாதம் ஆகிறது. சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு பெரிய கடையில் விற்பனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கேள்விகள் தொடங்கின. மொத்தம் 96.

அவள் மாட்டிக்கொண்டு நின்ற வாக்கியம் இது: 'நான் ஒருபோதும் யார்மீதும் கோபப்பட்டதில்லை.' அதன் கீழே ஐந்து வட்டங்கள். 'முற்றிலும் ஏற்கிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதுவரை.

"நேத்து ராத்திரிதான் சார்ஜருக்காகத் தம்பிகூடச் சண்டை போட்டேன். மறுக்கிறேன்னு போட்டா கோபக்காரின்னு தள்ளிருவாங்க. ஏற்கிறேன்னு போட்டா அது பொய்யிங்க மாமா."

"நடுவுல இருக்கற வட்டத்தை அமுக்கு கண்ணு" என்றேன். அறிவியல் எழுதுகிறவன் சொல்லக்கூடிய யோசனைகளிலேயே மட்டமானது அது என்று பின்னால்தான் புரிந்தது.

மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் சுயவிவரம் இப்பணிக்குப் பொருந்தவில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.' எந்தக் கேள்வியில் தவறினாள், யார் பார்த்துத் தள்ளினார்கள் என்று ஒரு வரி இல்லை. அதைவிட அவளை உறுத்தியது வேறு. "என்னைப் பார்க்கவே இல்லியே மாமா. நான் பொருந்தமாட்டேன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்ததை இப்போது எழுதுகிறேன்.

ஓடு உடையாமல் உள்ளே பார்ப்பது

நாமக்கல் வட்டாரம் முழுக்கக் கோழிப்பண்ணைகள். முட்டையைத் தரம் பார்க்க ஒரு பழைய முறை உண்டு. இருட்டாக்கிய அறையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் விளக்கு. பெட்டியில் ஒரு துளை. துளைமேல் முட்டையை வைத்து மெல்லத் திருப்பினால் ஓடு செம்மஞ்சளாக ஒளிரும். மயிரிழை விரிசல் கோடாகத் தெரியும். ரத்தப்புள்ளி இருந்தால் கறுப்பாக நிற்கும். அகன்ற முனையில் உள்ள காற்றறை சிறிதாக இருந்தால் முட்டை புதுசு, பெரிதாக இருந்தால் பழசு. நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. பழகிய கைக்கு ஒரு முட்டை ஓரிரு நொடி வேலை.

மனிதரையும் இப்படி உடைக்காமல் உள்ளே பார்க்க முடியுமா? இந்த ஆசைதான் அந்த 96 கேள்விகளின் பாட்டன்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அதற்குள் ஐரோப்பியப் போர்க்களங்களில் குண்டுச் சத்தத்தில் நிலைகுலைந்து, உடம்பில் காயமே இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த வீரர்களால் மருத்துவமனைகள் நிரம்பியிருந்தன. படையில் சேர வருகிறவர்களில் யார் இப்படி உடைவார் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. ஆனால் லட்சக்கணக்கான பேரிடம் மருத்துவர் தனித்தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஒரு குறுக்குவழி கண்டார். மருத்துவர் வாயால் கேட்கும் கேள்விகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் 116 கேள்விகள். தாள் தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. கேள்வித்தாள் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அகராதிக்குள் ஒரு புதையல்

எதைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். மனிதக் குணங்கள் எத்தனை? இதற்கு உளவியலாளர்கள் கண்ட வழி அழகானது. ஒரு குணம் மனிதர்களுக்கு முக்கியமாக இருந்தால், அதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் இருந்தே தீரும். எனவே மனிதரைத் தோண்டுவதற்கு முன் அகராதியைத் தோண்டு.

1884-ல் பிரான்சிஸ் கால்டன் ஆங்கிலச் சொற்களஞ்சியம் ஒன்றைப் புரட்டி, குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆயிரமாவது தேறும் என்றார். 1936-ல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பெர்ட் இருவரும் வெப்ஸ்டர் அகராதியை முழுதாகச் சலித்தார்கள். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்டும் சொற்களாகக் கிடைத்தவை 17,953. அதில் நிலையான குணங்களைச் சொல்பவை சுமார் 4,500.

பின்னால் வந்தவர்கள் இந்தக் குவியலைக் குறைத்தார்கள். ஒருவரைப் 'பொறுப்பானவர்' என்று சொல்லும் மக்கள், அவரையே 'நேரம் தவறாதவர்', 'எடுத்ததை முடிப்பவர்' என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த மூன்று சொற்களும் ஒரே வேரின் கிளைகள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனதில், கடைசியில் ஐந்து வேர்கள் தேறின: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனத்தடுமாற்றம், புதுமை நாட்டம். உளவியலில் இவற்றுக்குப் 'பெரிய ஐந்து' என்று பெயர். எந்த வேதியியலாளரும் குடுவையில் காய்ச்சாமல், மக்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் காலங்காலமாகப் பேசிய பேச்சிலிருந்தே வடித்தெடுத்த ஐந்து தனிமங்கள். இது சின்ன சாதனை இல்லை.

ஆனால் வடித்தது ஆங்கிலத்திலிருந்து. தமிழ் அகராதியில் தொடங்கியிருந்தால் என்ன வந்திருக்கும்? ரோஷம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். கோபம் வேறு, ரோஷம் வேறு. ரோஷமே இல்லாதவனை மதிக்கமாட்டோம். ரோஷம் மீறினால் பொழப்பு ஓடாது என்போம். வீம்பு, வெள்ளந்தி, நெளிவுசுளிவு, கூச்சம். இவை ஒவ்வொன்றையும் அந்த ஐந்து டப்பாக்களில் எதில் போடுவது? பொலிவியாவில் காடும் வயலும் சார்ந்து வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் இந்தக் கேள்விகளை அவர்கள் மொழியிலேயே கேட்டுப் பார்த்து 2013-ல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். ஐந்து வேர்கள் அங்கே தென்படவில்லை. பிறரோடு ஒட்டிவாழும் பாங்கு, உழைப்பு என்று இரண்டுதான் தலைகாட்டின.

ஆமாம்சாமியும் அரிச்சந்திரனும்

கேள்வித்தாள் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால், அக்கா மகள் எங்கே சிக்கினாள் என்று தெரியும்.

ஐந்து வட்ட அளவுகோல் ரென்சிஸ் லிகர்ட் என்ற அமெரிக்கர் 1932-ல் கொடுத்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒரு குணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் அந்தக் குணத்தில் உங்கள் மதிப்பெண். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று எல்லோருக்கும் எரிச்சல் வருகிறதல்லவா? அது வேண்டுமென்றே செய்வதுதான். ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் தராசு ஏமாற்றலாம். பத்துத் தடவை நிறுத்து சராசரி எடுத்தால் பிழை கரையும்.

எதற்கும் தலையாட்டிவிட்டுப் போகிற ஆமாம்சாமிகளைப் பிடிக்க இன்னொரு ஏற்பாடு. 'நான் வேலையைத் தள்ளிப்போடுவதில்லை' என்று ஓரிடத்தில் கேட்டு, 'கடைசி நேரத்தில்தான் எனக்கு வேலை ஓடும்' என்று இன்னோரிடத்தில் கேட்பார்கள். இரண்டுக்கும் ஆமாம் போட்டால் அகப்பட்டுக்கொண்டீர்கள். தமிழில் பெயர்க்கும்போது இது விபரீதமாகிவிடும். 'நான் பொறுமையற்றவன் அல்ல' என்ற வாக்கியத்தை ஒருவர் 'மறுக்கிறேன்' என்றால் அவர் பொறுமைசாலியா, இல்லையா? விடையைக் கண்டுபிடிப்பதற்கே பொறுமை வேண்டும்.

மூன்றாவது பொறிதான் அக்கா மகளுக்கு விழுந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹாத்தவே, மெக்கின்லி இருவரும் மனநோயாளிகளின் நோயைப் பிரித்தறிய உருவாக்கி 1943-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கேள்வித்தாளில், பொய் அளவை என்றே 15 வாக்கியங்கள் உண்டு. எல்லா மனிதரும் செய்யும் சில்லறைத் தப்புகளை 'நான் செய்ததே இல்லை' என்று சாதிக்கிறவரைப் பிடிப்பதற்காக வைத்தவை. 'நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை' என்பது அந்த வம்சத்து வாக்கியம். அதில் துணிந்து 'மறுக்கிறேன்' போட்டிருக்க வேண்டும். ஒருவேளை அரிச்சந்திரனே வந்து 'நான் பொய் பேசியதில்லை' என்று எழுதினால், இந்தத் தாள் அவனைப் பொய்யன் என்று வெளியே அனுப்பிவிடும்.

அதற்காக எல்லாக் கேள்வியும் இந்த வகை என்று எண்ணி ஒவ்வொன்றிலும் குறையை ஒப்புக்கொண்டாலும் ஆபத்து. எது குணத்தை அளக்கும் கேள்வி, எது பொய்யைப் பிடிக்கும் கேள்வி என்று பெயர் எழுதியிருக்காது. என் 'நடு வட்டம்' யோசனையும் இங்கேதான் கவிழ்ந்தது. நடு வட்டத்துக்கு மதிப்பு 3. பக்கத்து வீட்டுப் பையன் யோசிக்காமல் 5 போட்டுக்கொண்டே போயிருப்பான்.

முட்டைக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசம் இப்போது விளங்கும். விளக்கின்மேல் வைத்த முட்டைக்கு, தான் சோதிக்கப்படுவது தெரியாது. தேறவேண்டும் என்ற கவலையும் கிடையாது. முட்டைக்கு வேலை தேவையில்லை. விண்ணப்பம் போடுகிறவருக்குத் தேவை. அவர் தன்னைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. கடைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று ஊகித்துப் பதில் சொல்கிறார். ஆக, தாள் அளப்பதில் ஒரு பங்கு குணம், இன்னொரு பங்கு ஊகிக்கும் சாமர்த்தியம். அமெரிக்காவில் பல சங்கிலிக் கடைகள் பயன்படுத்திய யூனிக்ரு என்ற நிறுவனத்தின் கேள்வித்தாளுக்கு விடைக்குறிப்பே தயாரித்துச் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். அதைப் படித்தவருக்கு எல்லாக் குணமும் கூடிவந்துவிடும்.

கடைக்குள் நுழைந்த கதை

படைக்கும் மனநல மருத்துவமனைக்கும் உருவான கருவி, கடை வாசலுக்கு எப்படி வந்தது?

கல்லாவில் கைவைக்கும் ஊழியர் என்பது உலகெங்கும் கடைக்காரரின் கவலை. அமெரிக்கக் கடைகள் ஒரு காலத்தில் வேலைக்கு வருகிறவர்களைப் பொய்கண்டறியும் கருவியில் உட்காரவைத்தன. 1988-ல் வந்த சட்டம் ஒன்று தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைத் தடைசெய்தது. கருவி போனது, அந்த இடத்துக்குத் தாள் வந்தது. 'நாணயச் சோதனை' என்று பெயர். 'வேலை செய்யும் இடத்தில் 100 பேரில் எத்தனை பேர் திருடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?' என்கிற மாதிரியான கேள்விகள் இதில் வரும். நிறையப் பேர் என்று சொன்னால் உங்கள்மேல் சந்தேகம். இதன் பின்னால் உள்ள கோட்பாட்டை விளக்கச் சோதனையை உருவாக்கியவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நம் ஊர்ப் பாட்டி நாலு சொல்லில் முடித்துவிட்டாள்: தான் திருடி பிறரை நம்பாள். ஆனால் பாட்டி இதை ஆளைப் பார்த்துச் சொன்னாள். இருபது வருஷம் கடையில் கணக்கெழுதி உலகம் பார்த்த ஒரு நாணயஸ்தரும் 'நிறையப் பேர்' என்றுதான் எழுதுவார். தாளுக்கு இருவரும் ஒன்று.

விவகாரம் நீதிமன்றங்களுக்கும் போனது. 1989-ல் கலிஃபோர்னியாவில் டார்கெட் கடைகளில் பாதுகாவலர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு 704 வாக்கியங்கள் கொண்ட தாள் தரப்பட்டது. மதநம்பிக்கை, பாலுறவு பற்றியெல்லாம் அதில் இருந்தது. சிபி சொரோக்கா என்பவரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். கடையின் பாதுகாவலர் வேலைக்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம் என்பதே கேள்வி. இத்தகைய கேள்விகள் அந்தரங்க உரிமையை மீறுகின்றன என்று 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1993-ல் சமரசம் ஆனது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மனச்சோர்வு உள்ளவர்களை வடிகட்டிவிடக்கூடும் என்ற புகாரின் பேரில், சில கேள்விகளை நீக்க சி.வி.எஸ். மருந்துக் கடை நிறுவனம் 2011-ல் ஒப்புக்கொண்டது.

இன்னொரு கதை கணிதவியலாளர் கேத்தி ஓ'நீல் 2016-ல் எழுதிய நூலால் பரவலாகத் தெரிந்தது. மனநலச் சிகிச்சைக்காகப் படிப்பை நிறுத்திவைத்திருந்த ஒரு கல்லூரி மாணவர், குரோகர் மளிகைக் கடையில் வேலைக்கு விண்ணப்பித்தார். தேறவில்லை. என்ன கேட்டார்கள் என்று வழக்கறிஞரான தந்தை விசாரித்தார். மருத்துவமனையில் மகனுக்குக் கொடுத்த தாளில் இருந்த கேள்விகளைப் போலவே இருந்தன. அதைவிடக் கொடுமை, பையன் விண்ணப்பித்த மற்றக் கடைகளிலும் அதே மாதிரித் தாள். அந்தக் காலத்தில் ஒரு முதலாளிக்கு முகம் பிடிக்காவிட்டால் அடுத்த தெரு முதலாளிக்குப் பிடிக்கும். எல்லாத் தெருவிலும் ஒரே தராசு உட்கார்ந்துவிட்டால், அதன் ஒரு பிழை ஒருவருக்கு ஊர் முழுக்கக் கதவடைத்துவிடும்.

56-ம் 44-ம்

சரி, இந்தத் தாள் எதையாவது சரியாகச் சொல்கிறதா? சொல்கிறது. அங்கேதான் சுவாரசியம்.

1991-ல் பேரிக், மவுன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஐந்து குணங்களில் பொறுப்புணர்வு மட்டும் ஏறக்குறைய எல்லா வேலைகளிலும் திறமையோடு சேர்ந்து வருகிறது என்று காட்டினார்கள். எவ்வளவு சேர்ந்து வருகிறது? 2022-ல் பால் சாக்கெட் குழுவினர் பழைய கணக்குகளைச் சரிபார்த்துச் சொன்ன எண் 0.19. தொடர்பே இல்லை என்றால் 0, அச்சுப்பிசகாமல் பொருந்தினால் 1 என்ற அளவுகோலில் இது 0.19.

0.19 என்றால் நடைமுறையில் என்ன? 200 பேர் தாள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்படி மேல் பாதி 100, கீழ் பாதி 100. 200 பேரையும் வேலைக்கு எடுத்து ஒரு வருஷம் பார்த்து, நன்றாக வேலை செய்யும் பாதிப் பேரைப் பிரிக்கிறோம். தாள் வெறும் குப்பையாக இருந்தால் இரண்டு கூட்டத்திலும் 50, 50 பேர் நல்லவர்களாக இருப்பார்கள். 0.19 தொடர்பு இருந்தால் மேல் கூட்டத்தில் சுமார் 56 பேர், கீழ்க் கூட்டத்தில் சுமார் 44 பேர்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு உண்மையைச் சொல்லலாம். ஆயிரம் பேரை எடுக்கும் கடை சொல்லும்: 'காசு சுண்டிப்போட்டு எடுத்தால் 500 நல்ல ஆள், தாள் வைத்து எடுத்தால் 560. ஒரு தாளுக்கு ஆகும் செலவோ கொஞ்சம். விடுவேனா?' அது சரியான கணக்கு. வெளியே தள்ளப்பட்ட ஆயிரம் பேரில் 440 பேர் சொல்லலாம்: 'நாங்கள் நல்ல ஆட்கள்தான், எங்களைப் பார்க்காமலே அனுப்பிவிட்டீர்கள்.' அதுவும் சரியான கணக்கு. அந்த 440 பேரைக் கடை ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. எனவே தன் தராசு எத்தனை முறை பிசகியது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

'உன்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள்' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: உன்னைக் கண்டுபிடிக்கவில்லை. உன்னைப் போல் வட்டம் அமுக்கிய கூட்டத்தைப் பற்றி ஒரு சின்னப் பந்தயம் கட்டினார்கள். கூட்டத்தைப் பற்றிய உண்மை, கூட்டத்திலுள்ள ஒருவரைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது.

இவ்வளவு மெல்லிய தொடர்பை நிறுவனங்கள் ஏன் இவ்வளவு நம்புகின்றன? சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் கிளி ஜோசியரிடம் உட்கார்ந்து பாருங்கள். 'நீங்க பார்வைக்குத் தைரியம், உள்ளுக்குள்ள சஞ்சலம். நாலு பேருக்கு உதவுவீங்க, நன்றி கிடைக்காது' என்பார். புல்லரிக்கும். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்குக் குணச்சோதனை வைத்து, முடிவுகளை ஆளுக்கொரு தாளில் தந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, 39 தாளிலும் ஒரே வாசகம். வாசகம் வந்தது பெட்டிக்கடை ஜோசியப் புத்தகத்திலிருந்து. கேள்வித்தாளை வாங்கலாமா என்று யோசிக்கும் மேலாளர், முதலில் தானே எழுதிப் பார்த்து, 'அட, அப்படியே என்னைப் பற்றிச் சொல்கிறதே' என்று மலைத்தால் அவர்மேல் தப்பில்லை.

கேட்பதும் அளப்பதும்

நம் பக்கத்திலும் இது புதிதில்லை. 2008-ல் தொடங்கிய ஆஸ்பயரிங் மைண்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆம்கேட் தேர்வு கல்லூரி மாணவர்களுக்குப் பழகிய பெயர். பெரிய ஐந்தை ஒட்டிய குணப்பகுதி அதில் உண்டு. ராணுவ அதிகாரித் தேர்வில், திரையில் 15 நொடிக்கு ஒன்றாக 60 சொற்கள் வர, ஒவ்வொன்றுக்கும் மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். ஆனால் அங்கே அந்தத் தாளோடு விடுவதில்லை. நாள் கணக்கில் தங்கவைத்து, குழுவாகத் தடை தாண்ட வைத்து, நேரில் பேசி, மூன்று தனித்தனி மதிப்பீட்டாளர்கள் பார்த்த பிறகே முடிவு.

இன்னும் தெளிவான பாடம் சேலம் ஜங்ஷனில் நின்றால் கிடைக்கும். நம்மைத் தாண்டிப் போகும் எஞ்சினில் உட்கார்ந்திருக்கும் உதவி ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்க ரயில்வே கணினியில் ஐந்து திறன்சோதனைகள் வைக்கிறது: நினைவாற்றல், சொன்னபடி செய்தல், ஆழம் உணர்தல், கவனக் குவிப்பு, காணும் வேகம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குறைந்தது 42 மதிப்பெண். ஒன்றில் கோட்டைவிட்டால் மற்றொன்றில் அள்ளியது செல்லாது. இங்கே 'நீங்கள் கவனமானவரா?' என்று யாரும் கேட்பதில்லை. கவனத்தையே எடுத்து அளக்கிறார்கள்.

இதே ஞானம் செவ்வாய்ப்பேட்டையில் படிக்காமலே இருக்கிறது. சேலம் வெள்ளிக் கொலுசு தொழிலில், வியாபாரி வீடுவீடாக வெள்ளியை நம்பிக் கொடுக்கிறார். கொடுக்கும்போது தராசில் எடை. கொலுசாகத் திரும்பி வரும்போது தராசில் எடை, துண்டு துகளையும் சேர்த்து. வேலையில் தேய்ந்துபோகக்கூடிய அளவு எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். வெள்ளியின் தரத்தை 'டச்' பார்த்துச் சரிபார்ப்பார்கள். 'நீ நாணயமானவனா' என்று கேட்டு, ஐந்து வட்டத்தில் ஒன்றை அமுக்கச் சொன்ன பட்டறை எதையும் நான் பார்த்ததில்லை. பத்து வருஷம் கணக்கு நேராக வந்தால் அதுதான் நாணயம்.

இதைச் சொல்லிப் பழைய முறைக்கே போய்விடலாம் என்று நான் சொல்லவில்லை. கடைவீதியில் ஆள் எடுக்கும்போது, "எந்த ஊருங்க? எந்தப் பக்கம்? யாரு ஊட்டுப் புள்ள?" என்று இழுக்கும் கேள்விக்குள் என்ன தேடப்படுகிறது என்று சேலம், நாமக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்து வட்டத் தாள் குருடாக இருக்கலாம், சாதி கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வருகிற எல்லோரிடமும் முன்பே எழுதிவைத்த, வேலை சார்ந்த, ஒரே கேள்விகளைக் கேட்பது; எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்பதையும் முன்பே முடிவுசெய்வது. சாக்கெட் குழுவின் கணக்கில் இப்படிப்பட்ட நேர்காணலின் எண் 0.42. பொறுப்புணர்வுத் தாளைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் தாளைவிட மேல்.

இன்னொன்றையும் தாள் மறந்துவிடுகிறது. ஒருவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வார் என்று அது எடுத்துக்கொள்கிறது. 1968-ல் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் இந்த நம்பிக்கையை உலுக்கினார். மனிதர் ஓரிடத்தில் நடந்துகொள்வதை வைத்து வேறோரிடத்தில் எப்படி நடப்பார் என்று சொல்வது மிகக் கடினம். சூழல் மாறினால் ஆளும் மாறுகிறார் என்றார். 'வேலை நேரத்தில் எனக்கு எரிச்சல் வருவதில்லை' என்பது அக்கா மகளின் தாளில் இருந்த இன்னொரு வாக்கியம். பத்து மணிநேரம் நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடுகிறவருக்கு மாலையில் வரும் எரிச்சல் குணமா, கால்வலியா? 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. சில கடைகளில் ஒரு ஸ்டூல் செய்யும் வேலையை எந்தக் குணச்சோதனையும் செய்யாது.

அக்கா மகள் இப்போது சேலம் கடைவீதியில் நடுத்தரமான ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். அங்கே விண்ணப்பப் படிவமே கிடையாது. மூன்று நாள் சம்பளத்தோடு வேலை செய்துபார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்களாம். இரண்டாம் நாள் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்து, இரண்டு மணிநேரம் உட்கார்ந்து, நாற்பதுக்கு மேல் புடவைகளைப் பிரிக்க வைத்து, ஒன்றுகூட எடுக்காமல் எழுந்து போய்விட்டது. விரிப்பில் பட்டு மலை. சூப்பர்வைசர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"கோபம் வரலியா?" என்று கேட்டேன்.

"வராம? அழுகையே வந்துருச்சுங்க மாமா. ஆனா பாருங்க, பட்டை ஒருதரம் தப்பா மடிச்சா அந்தக் கோடு அப்படியே நின்னுக்கும். அதனால ஒவ்வொண்ணா, பழைய மடிப்பு மேலயே மடிச்சு வெச்சேன்."